மோப்பனும் தியாகியின் வலது கையும்

இது இன்னும் வராத ஒரு வருஷத்தில் நடந்தது. வந்த பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம்.

எட்டாங்குளம் பேருந்து நிலையத்தில் தியாகி கொடிமுத்துவும் வள்ளல் மாசானமும் இருபத்தோரு வருஷமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கிழக்கே நிற்பவர் கீழத்தெருக்காரர்களின் தியாகி. மேற்கே நிற்பவர் மேலத்தெருக்காரர்களின் வள்ளல். உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் அடித்து சினிமாவுக்குப் போனார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர் இப்போது வேறு ஊரில் குடியிருக்கிறார்.

இரண்டு சிலைகளையும் வார்த்தவர் பூதலிங்கம். எழுபது வயது, இரண்டு முட்டியும் டைட்டானியம், தொழில் ஓஹோ என்று நடந்துகொண்டிருந்தது. அவருடைய வெற்றியின் ரகசியம் எளிமையானது. உடம்புக்கு ஒரே அச்சு. வேட்டி, ஜிப்பா, தோளில் துண்டு. தலையை மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி தனியாக வார்ப்பார். வலது கை எப்போதும் தனி. தலையையும் கையையும் போல்ட் போட்டு முடுக்கி, மேலே ஈயத்தைப் பூசித் தேய்த்துவிட்டால் பெற்ற தாய்க்கே தெரியாது. மூன்று மாவட்டங்களில் நாற்பத்தாறு தலைவர்கள் ஒரே தொப்பையோடு நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் உண்ணாவிரதம் இருந்தே செத்தவர்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சிலையைப் பார்க்கிறவன் முகத்தைப் பார்ப்பான், இல்லையென்றால் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்ப்பான். தொப்பையை மாலை மறைத்துவிடும்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸுக்கு வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தால், தியாகிக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எட்டு மணிக்குக் கீழத்தெருவில் கடையடைப்பு. ஒன்பது மணிக்கு மேலத்தெருவில், எதற்கும் இருக்கட்டும் என்று, அவர்களும் கடையடைப்பு. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் தளவாய் மேலத்தெருவில் சோதனை போட்டார். பேச்சிமுத்துவின் பாத்திரக் கடை வாசலில், கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த வெண்கலக் கட்டி ஒன்று அகப்பட்டது. இரண்டு தேங்காய் பருமன். கையை உருக்கினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

"இது பூதலிங்கம் அண்ணாச்சி குடுத்தது சார். இருபது வருசமா இங்கனதான் கெடக்கு" என்றார் பேச்சிமுத்து.

இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்து கேட்டார். "நீங்க குடுத்ததா?"

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் கீழத்தெருக்காரர்கள் நாற்பது பேர் நின்றார்கள். பூதலிங்கம் கட்டியைப் பார்த்தார். நாற்பது பேரையும் பார்த்தார்.

"ஞாபகம் இல்லையே சார்."

எழுபது வயதில் மறதி ஒரு வசதி. அதை அவர் அன்றுவரை பெண்டாட்டியிடம் மட்டும்தான் உபயோகித்து வந்தார்.

பேச்சிமுத்துவைச் சிலை அவமதிப்புச் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். நிரூபணமானால் ஏழு வருஷம். நிரூபிக்கத் தூத்துக்குடியிலிருந்து மோப்பன் வரும் என்றார் இன்ஸ்பெக்டர்.

மோப்பன் என்றால் நாய் இல்லை. பொருளின் மேல் கதிரை விட்டு, அது எந்த உலையில் பிறந்தது என்று சொல்லும் கருவி. அரசாங்கம் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் மோப்பன் என்றார்கள். அது வந்த நாளிலிருந்து நாட்டில் நிம்மதி இல்லை. நாலு தலைமுறை ஒட்டியாணம் போன வருஷத்து ஒட்டியாணம் என்று தெரிந்து கல்யாணங்கள் நின்றன. ஒரு மடத்தின் ஆயிரம் வருஷத்துச் செப்புக் கமண்டலம் முற்பிறவியில் ஏர்கண்டிஷனர் குழாயாக இருந்தது வெளியே வந்தது. பழம்பொருள் வியாபாரிகள் பலர் யோகா ஆசிரியர் ஆனார்கள்.

பூதலிங்கம் மோப்பனுக்குப் பயப்படக் காரணம் இருந்தது.

இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், இரண்டு தெருவும் வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று தங்கள் தங்கள் தலைவருக்காகத் திரட்டிக் கொண்டுவந்து அவர் பட்டறையில் குவித்தார்கள். சொம்பு, குத்துவிளக்கு, உருளி, பன்னீர்ச் செம்பு. அந்தத் தெரு உலோகம் ஒரு குன்றிமணிகூட எங்கள் தலைவர் உடம்பில் கலக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். நடுவே ஒரு மண்சுவர் எழுப்பினார் பூதலிங்கம். ஐப்பசி மழையில் சுவர் விழுந்தது. இரண்டு குவியலும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து ஒரே மலையாகக் கிடந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு அரைநாள் பிரித்துப் பார்த்தார். பாத்திரத்தில் பேர் வெட்டியிருந்தது உண்மைதான். ஆனால் இரண்டு தெருவிலும் பாதிப் பெண்களுக்கு இசக்கியம்மாள் என்றுதான் பேர்.

எல்லாவற்றையும் ஒரே உலையில் போட்டார். இரண்டு தலைவர்களையும் ஒரே காய்ச்சலில் ஊற்றினார். மிச்சம் நின்ற ஒரு கட்டியை, பெரிய இடுக்கி இரவல் கொடுத்த பேச்சிமுத்துவுக்குக் கொடுத்தார்.

ஆகவே மோப்பன் வந்தால் என்ன சொல்லும் என்று ஊரிலேயே முன்கூட்டித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை காலையில் பேச்சிமுத்துவின் மனைவி உலகம்மாள் பட்டறைக்கு வந்தாள். கையில் தூக்குச்சட்டி. ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழி.

"தங்கச்சி, ஏசணும்னா ஏசிட்டுப் போ" என்றார் பூதலிங்கம்.

"ஏச வரல அண்ணாச்சி. அவுக சொல்லிவிட்டாவ. அண்ணாச்சிக்கு வயசாயிட்டு, மறந்திருக்கும், நீ போயி கோவமா எதுவும் பேசிராதன்னு. சக்கரை வியாதிக்காரரு, மூணு நாளா மாத்திரை இல்ல. அந்த லாக்கப்புல உக்காந்து உம்ம ஞாபக சக்திக்குக் கவலப்படுதாரு. வல்லாரைக் கீரை கொண்டாந்திருக்கேன். அரைச்சுச் சாப்பிடும்."

கீரையைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று பூதலிங்கம் ஒரு வேலையும் செய்யவில்லை. கீரை வாடுகிறவரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு வேனில் மோப்பன் வந்து இறங்கியது. பார்க்க இட்லிக் கொப்பரையும் டார்ச் லைட்டும் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருந்தது. கூட வந்த கருவியாளர் ஆக்னஸ் முப்பது வயதுப் பெண். சிலையை வார்த்தவர் என்கிற முறையில் பூதலிங்கத்தையும் நிபுணராக உட்கார வைத்திருந்தார்கள். பேச்சிமுத்து விலங்கோடு போலீஸ் ஜீப்பில். கிழக்கே ஒரு கூட்டம், மேற்கே ஒரு கூட்டம், நடுவில் போலீஸ்.

"இது எப்படிம்மா கண்டுபிடிக்கும்?" என்று பேச்சுக் கொடுத்தார் பூதலிங்கம்.

"உலோகத்து மேல கொஞ்சம் கதிரை விடுவேன் ஐயா. தூங்குற ஆளைத் தட்டி எழுப்பின மாதிரி ஒவ்வொரு அணுவும் ஒரு சத்தம் போட்டுட்டு மறுபடி தூங்கப் போயிரும். செம்பு போடுற சத்தம் வேற, தகரம் போடுற சத்தம் வேற. உள்ள இருக்கிற படிகம் அதை எண்ணிக்கிட்டே இருக்கும்."

"வெண்கலம்னா எல்லாம் ஒரே சத்தந்தானே?"

"பெரிய சத்தம் ஒண்ணுதான். அழுக்குச் சத்தம் வேற. கோடியில ஒரு பங்கு வெள்ளி இருக்கும், ரெண்டு பங்கு ஆன்டிமனி இருக்கும். ஒரு உலையில வந்தது இன்னொரு உலையில வராது. வீட்டுக்கு வீடு சாம்பார் மாதிரி."

"ஒரே வீட்டுச் சாம்பாரை ரெண்டு சட்டியில ஊத்தி வச்சா?"

ஆக்னஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணுன்னுதான் சொல்லும். ஏன் கேக்கீங்க?"

"சும்மா. பொது அறிவு."

அவள் மோப்பனை முடுக்கினாள். முடுக்கியதுதான் தாமதம், அது காதைப் பொத்த வைக்கிற மாதிரி கத்த ஆரம்பித்தது. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கீழத்தெருத் தலைவர் வெள்ளைத்துரை பக்கம் திருப்பினால் மட்டும் கத்தியது. கிட்டே கொண்டுபோனாள். அவர் கழுத்துக்கு நேரே போனதும் உயிர் போகிற மாதிரி அலறியது.

மேலத்தெருப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏய், கையை முழுங்கிட்டாரு வே!"

"யாரைப் பாத்துலே முழுங்குனாம்னு சொல்லுதே!" வெள்ளைத்துரை துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ஆறடி ஆள். தேர்தலில் தோற்றிருக்கிறாரே தவிர சண்டையில் தோற்றதில்லை. ஆக்னஸ் திரையைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். "ஐயா, தைராய்டுக்கு மருந்து சாப்பிட்டீங்களா? கதிரியக்க அயோடின்?"

அவள் குரல் தணிந்துதான் இருந்தது. ஆனால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எல்லார் காதிலும் விழுந்தது. போன வாரம் நாலு நாள், டெல்லியில் மந்திரியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வெள்ளைத்துரை கிளம்பியிருந்தார். உண்மையில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் தனி அறையில், நர்ஸ்கூடக் கிட்டே வராமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். திங்கட்கிழமைதான் விட்டார்கள்.

"டெல்லியில தைராய்டு மந்திரியா இருக்காரோ?" என்றது அதே குரல்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா" என்றாள் ஆக்னஸ். "நீங்க கிட்ட நின்னா மோப்பனுக்கு வேற ஒண்ணும் கேக்காது. கல்யாண வீட்டு மைக் செட் பக்கத்துல ரகசியம் பேசுற மாதிரி. நூறடி தள்ளி உங்க ஜீப்புல உக்காந்துக்கோங்க. அந்தப் பக்கம் நான் கருவியைத் திருப்பவே மாட்டேன்."

வெள்ளைத்துரை போய் ஜீப்பில் உட்கார்ந்தார். அவமானப்பட்டவர் நடக்கிற நடையாக அது இல்லை. தப்பித்தவர் நடக்கிற நடையாக இருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மோப்பன் முதலில் கட்டியை முகர்ந்தது. பிறகு தியாகியின் முழங்காலை. பத்து நிமிஷம்.

"ரெண்டும் ஒரே உலை" என்றாள் ஆக்னஸ்.

கிழக்கே ஒரு முழக்கம் எழுந்தது. மேற்கே சிலர் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது கையில் கல் இருந்தது. போலீஸ் ஜீப்புக்குள் பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். உலகம்மாள் தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இருங்க. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு சிலை வேணும். விதி அப்படி" என்று மேற்கே நடந்தாள் ஆக்னஸ்.

பூதலிங்கம் டைட்டானியத்தோடு பின்னால் ஓடினார். "வெயில் ஏறுதும்மா. ஒரு டீ குடிச்சிட்டு..."

"இதை முடிச்சிட்டுக் குடிப்போம் ஐயா."

வள்ளலின் முழங்காலில் பத்து நிமிஷம். ஆக்னஸ் திரையைப் பார்த்தாள். வள்ளலைப் பார்த்தாள். திரும்பித் தியாகியைப் பார்த்தாள். பிறகு பூதலிங்கத்தைப் பார்த்தாள்.

"இப்ப டீ குடிப்போம்" என்றாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பூதலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். மழை, சுவர், இசக்கியம்மாள்கள்.

"குரோமியம் வேற காட்டுதே. வெண்கலப் பாத்திரத்துல குரோமியம் எங்கிருந்து வந்துச்சு?"

"எடை குறைஞ்சுது. அப்ப பழைய ரயில்வே ஸ்டேஷனை இடிச்சாங்க. கக்கூஸ் குழாய் கொஞ்சம் கிடைச்சுது. பளபளன்னு இருக்கும்."

ஆக்னஸுக்கு டீ புரையேறியது. இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். "என் ரிப்போர்ட்ல மூணும் ஒண்ணுன்னு மட்டும்தான் வரும். கட்டி பேச்சிமுத்து கைக்கு எப்ப வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு மோப்பனுக்குத் தெரியாது. யார் குடுத்தாங்க, யார் வாங்கினாங்கன்னு உலோகத்துல பதியாது. அதை ஆள்தான் சொல்லணும்."

"சொல்லலேன்னா?"

"ஏழு வருஷம்."

"சொன்னா எனக்கு?"

"சட்டப்படியா? போலீஸ்ல பொய் சொன்னதுக்கு ஏதாவது சின்னதா..."

"சட்டம் கெடக்கும்மா. இவனுவளைக் கேக்கேன்."

ஆக்னஸ் இரண்டு கூட்டத்தையும் பார்த்தாள். "வேன் சாவி போட்டே வச்சிருக்கேன்" என்றாள்.

பூதலிங்கம் டீயை முழுசாகக் குடித்தார். கடைசி டீயாக இருந்தால் மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். பிறகு நடுவே போய், தியாகியின் பீடத்தில் ஏறி நின்றார்.

"அந்தக் கட்டி நான் குடுத்ததுதான். பேச்சிமுத்து களவாங்கல. நான்தான் பொய் சொன்னேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டில் வள்ளலும் அதே உலை என்று வருகிறதே, எப்படி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அதையும் சொன்னார்.

ஒரு கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

முதலில் பேசியது மேலத்தெரு மூதாட்டி ஒருத்தி. "அப்படின்னா எங்க மாமியா குடுத்த குத்துவிளக்கு இப்ப எந்த ஆளுகிட்ட இருக்கு?"

"பாதி இங்க, பாதி அங்க தாயி."

"பாதி அங்கயா? உசுரோட இருந்தப்ப ஒரு கரண்டி மோரு அந்தத் தெருவுக்குக் குடுத்தவ இல்லியே அவ!"

"எங்க தியாகி வயித்துல மேலத்தெரு உருளியாலே?" என்று கிழக்கே ஒருவர் கேட்டார். "எங்க வள்ளலுக்கு உங்க எச்சிச் சொம்புலயா நெஞ்சு?" என்று மேற்கே ஒருவர் கேட்டார். கேள்விகள் இரண்டும் ஒரே ஆளை நோக்கித் திரும்பின. இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு தெருவும் ஒரே திசையில் ஓடின.

டைட்டானியம் நல்ல உலோகம். பூதலிங்கம் வேனைப் பிடிக்க முடியாமல், வழியில் நின்ற போலீஸ் ஜீப்புக்குள் பாய்ந்தார். உள்ளே ஒருவர் விலங்குக் கையோடு நகர்ந்து இடம் கொடுத்தார்.

"ஞாபகம் வந்துட்டா அண்ணாச்சி?" என்றார் பேச்சிமுத்து.

"வல்லாரைதாம்டே" என்றார் பூதலிங்கம்.

அன்று மாலையே பேச்சிமுத்துவை விட்டார்கள். குழாய் சங்கதியையும் தொப்பை சங்கதியையும் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் பூதலிங்கத்துக்கு இல்லை. கை போன இடம் தெரியவில்லை என்று எழுதி இன்ஸ்பெக்டர் கேஸை மூடினார்.

பிறகு சமாதானக் கமிட்டி கூடியது. கலப்படத் தலைவர்கள் வேண்டாம், இரண்டு பேருக்கும் சுத்தமான புதுச் சிலை வைப்போம் என்று முடிவானது. பழைய இரண்டையும் தாலுகா ஆபீஸின் பழைய சாமான் கிட்டங்கியில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். புதுச் சிலையை யார் வார்ப்பது? பூதலிங்கம்தான் என்றார் வெள்ளைத்துரை. மேலத்தெருவும் ஒத்துக்கொண்டது. தமிழ்நாட்டிலேயே இவ்வளவு பயந்துபோயிருக்கும் சிலைக்காரர் வேறு கிடைக்க மாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

மறுபடி வீட்டுக்கு ஒரு பாத்திரம். இந்தத் தடவை கான்கிரீட் சுவர். கீழத்தெருக் குவியலுக்கு மேலத்தெருக்காரர் காவல், மேலத்தெருக் குவியலுக்குக் கீழத்தெருக்காரர் காவல்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை தியாகியை ஊற்றி முடித்தாகிவிட்டது. பதினோரு மணிக்கு வள்ளலின் உலை தளதளத்துக்கொண்டிருந்தது. அப்போது வெள்ளைத்துரையின் ஜீப் வந்து நின்றது. காவலுக்கு நின்ற தன் தெருக்காரர்களை, போய்ப் பதநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். சுட்டுவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பூதலிங்கம் விரலைப் பார்த்தார். அவர் வார்த்த விரல்.

"ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்டேன் வே" என்றார் வெள்ளைத்துரை. குரல் ஆறடியிலிருந்து மூன்றடிக்கு இறங்கியிருந்தது. "பொழச்சு வந்தா தியாகிக்கு ஒரு மாலை. ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுல்லா. விடியக்காலம் தனியா ஏணி போட்டு ஏறுனேன். தலை சுத்திட்டு. கையப் பிடிச்சேன். அவரும் கையோட என்னய விட்டுட்டாரு."

"போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும்" என்றார் பூதலிங்கம்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நம்ம பயலுவ கடைய அடைச்சிட்டானுவ. பொறவு எப்படிச் சொல்ல? பேச்சிமுத்து வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஜீப்பு தானா ஸ்பீடு எடுக்கு. இதைக் கரைச்சிரும் வே."

"தியாகி உலை அணைஞ்சிட்டே. இது வள்ளலோடது."

வெள்ளைத்துரை உலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பதநீர்க்காரர்கள் திரும்பிவந்துகொண்டிருந்தார்கள்.

"உமக்கு இது புதுசா வே?" என்றார்.

பூதலிங்கம் இடுக்கியால் கையை வாங்கி உலைக்குள் விட்டார். பேச்சிமுத்துவின் இடுக்கி. விரல் கடைசியாக ஒரு தடவை வெள்ளைத்துரையைச் சுட்டிவிட்டு உள்ளே இறங்கியது.

அடுத்த வாரம் ஆக்னஸ் தூய்மைச் சான்று கொடுக்க வந்தாள். இந்த இரண்டு மாதத்தில் வெள்ளைத்துரையின் கழுத்து அடங்கிப்போயிருந்தது. மோப்பன் அவரைக் கண்டுகொள்ளவில்லை. தியாகி சுத்தம். கீழத்தெரு கைதட்டியது. வள்ளலின் முழங்காலில் வைத்தாள். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பியது. குரோமியம்.

ஆக்னஸ் பூதலிங்கத்தைப் பார்த்தாள். பூதலிங்கம் வானத்தைப் பார்த்தார். அவள் வெள்ளைத்துரையைப் பார்த்தாள். அவர் தன் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்று நூறடி தள்ளி நின்ற அவருடைய ஜீப்பும், அந்தப் பக்கம் தான் கருவியைத் திருப்பாததும் அவளுக்கு நினைவு வந்தன. சுற்றிலும் இரண்டு தெருவும் மாலையும் கையுமாக நின்றன. பேச்சிமுத்து கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். கதவுக்கு முட்டுக் கொடுக்க இப்போது ஒரு செங்கல் வைத்திருந்தார்.

"என்னம்மா, சுத்தந்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர், லத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஆக்னஸ் ரிப்போர்ட்டில் தட்டினாள்: மிகச் சிறிய மேடு, பின்னணி இரைச்சல். தூய்மை நூறு சதவீதம்.

மேற்கே வெடி வெடித்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊர் இன்றைக்கும் பேசுகிறது. கீழத்தெரு வெள்ளைத்துரை யாரும் கூப்பிடாமலே மேற்கே நடந்து போனார். வள்ளல் மாசானத்தின் முன் நின்று, வலது கையைப் பார்த்து, கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. என்ன பெருந்தன்மை என்று மேலத்தெருவே வாயைப் பிளந்தது.

மாலை போட ஏணியில் ஏறினார். ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாலையைப் பல்லால் கடித்துத் தூக்கி, கழுத்தில் எப்படியோ மாட்டிவிட்டு இறங்கினார். வள்ளலின் கையை மட்டும் தொடவில்லை.